சீட்டு மாறினால் சின்னம் எரியும்

ஸ்பானர் பதில்கள்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, கார் சீட்டைக் கழற்றியவர்களுடையவை. மீதிப் பாதி, அவர்கள் வீட்டில் இருப்பவர்களுடையவை.)

ஒரு மாப்பிள்ளை, ஈரோடு
கே: முன் சீட்டு ஆட்டம் கண்டுவிட்டது என்று வேறு சீட்டு வாங்கி மாட்டினோம். நாலு போல்ட்தானே, என் மச்சானே முடித்துவிட்டான். சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு சின்னம் எரிகிறது. யாரோ ஒருத்தன் மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யார் அவன்?
ப: நீங்கள்தான். பந்து, ஏர்பேக். சாவி போட்டதும் எரிந்து ஐந்தாறு விநாடியில் தானே அணைந்தால் எல்லாரும் 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டார்கள் என்று பொருள். அணையாமல் நின்றால் ஒருத்தர் ஆப்சென்ட். சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், மஞ்சள் நிறத்தில் ஒரு கப்ளர் தொங்கிக்கொண்டிருக்கும். மச்சானும் பக்கத்தில்தான் எங்கேயாவது தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பட்டுக்கோட்டை
கே: சீட்டு என்பது உட்காரத்தானே? அதற்கு எதற்கு வயர்?
ப: உங்கள் பழைய அம்பாஸடரில் உட்காரத்தான். இப்போது முதுகுச் சாய்மானத்தின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக், பக்கிளில் பெல்ட் போட்டாயா என்று பார்க்கும் சுவிட்ச், சில கார்களில் பெல்ட்டை வெடித்து இறுக்கும் ப்ரீடென்ஷனர், மெத்தைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார், பணக்காரக் காரென்றால் மோட்டார், காற்று, சூடு எல்லாம்.

பக்கவாட்டு ஏர்பேக்கைச் சீட்டுக்குள் வைத்து முதலில் விற்றது வோல்வோ, 1995 மாடல் 850 காரில். அன்றிலிருந்து மனிதகுலம் வெடிமருந்தின் மேல் சாய்ந்துகொண்டு எஃப்.எம். கேட்கிறது.

ஒரு இல்லத்தரசி, காரைக்குடி
கே: அந்தக் கப்ளர் ஏன் மஞ்சள்?
ப: ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்று மெக்கானிக்குக் காட்ட. ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் இந்த வழக்கத்தை வைத்திருக்கின்றன. மஞ்சள் என்றால் மங்களம் என்பது வீட்டுக்குள்தான். காருக்குள் மஞ்சள் என்றால், கையை எடு.

அந்த மச்சான், ஈரோடு
கே: கப்ளரை நான் மாட்டிவிட்டேன் சார், 'டிக்' என்று சத்தமும் கேட்டது. லைட் இன்னும் எரிகிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?
ப: சீட்டு வெளியே இருந்த நேரத்தில் பாட்டு கேட்கவோ கண்ணாடி இறக்கவோ சாவியைத் திருப்பியிருப்பீர்கள். அந்த ஒரு திருப்பலில் ஏர்பேக் கணினி சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறது, சீட்டைக் காணோம், எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டது. பல கார்களில் கப்ளரைத் திரும்ப மாட்டினாலும் அந்தப் பதிவு போகாது. கோளாறு படிக்கும் ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும்.

ஸ்கேனரில் பிழை இரண்டு ரகமாக வரும்: நடப்பு, பழசு. பழசு என்றால் அழித்ததும் போய்விடும். நடப்பு என்றால் நீங்கள் அழிக்க அழிக்க அடுத்த திருப்பலில் வந்து நிற்கும். ஸ்கேனர்காரரிடம் 'அழிச்சுக் கொடுங்க' என்று சொல்லாமல் 'என்ன ரகம் பாருங்க' என்று முதலில் கேளுங்கள். காசு மிச்சம்.

மேற்படி மச்சானின் அக்கா, ஈரோடு
கே: என் தம்பியைக் கிண்டல் செய்தது சரியா?
ப: தப்புதான் தாயே. அவர் கப்ளரை மாட்டினார். உங்கள் வீட்டுக்காரர் கடிதம் மட்டும்தான் போட்டார்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்
கே: ஆன்லைனில் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். செல்போனில் 'கோளாறு இல்லை' என்று பச்சை டிக் காட்டுகிறது. மீட்டரில் ஏர்பேக் லைட் சிரிக்கிறது. யாரை நம்புவது?
ப: மீட்டரை. கோளாறு எண்கள் நாலு சாதி: 'பி' (P) என்றால் எஞ்சின், கியர் வகையறா. இன்னொரு 'பி' (B) உடம்புப் பகுதி, ஏர்பேக் அதில்தான் வரும். 'சி' பிரேக், சஸ்பென்ஷன். 'யு' கணினிகளுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை. மலிவுக் கருவிகளில் பலவும் முதல் சாதியோடு மட்டும்தான் பேசும். ஏர்பேக் கணினியைக் கேட்கவே இல்லை, அப்புறம் அது எப்படிப் பதில் சொல்லும்? 'எஸ்.ஆர்.எஸ்., அதாவது ஏர்பேக் அமைப்பு, படிக்குமா?' என்று கேட்டு வாங்குங்கள். கோட் எழுதும் உங்களுக்கே நான் கோட் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஒரு அவசரக்காரர், திண்டுக்கல்
கே: பேட்டரியைக் கழற்றியதும் சீட்டு வயரைப் பிடுங்கிவிடலாமா?
ப: கூடாது. மோதலில் பேட்டரியே நொறுங்கிப் போனாலும் பை விரிய வேண்டுமே என்று ஏர்பேக் கணினிக்குள் ஒரு கெப்பாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய நேரம் வேண்டும். ஒரு கம்பெனி ஒரு நிமிடம் என்கிறது, இன்னொன்று மூன்று, வேறொன்று பத்து. உங்கள் காரின் புத்தகம் சொல்வதே சட்டம். புத்தகம் கையில் இல்லையென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பஜ்ஜியும் சேர்ந்தால் இன்னும் பத்திரம்.

வரிசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்கள், முன்னால் தள்ளிப் பின் போல்ட்கள். அப்புறம் சாவியை எடுத்து, 10 நம்பர் ஸ்பானரால் பேட்டரி நெகட்டிவ். அப்புறம் டீ. கடைசியில்தான் கப்ளர். மோட்டார் சீட்டு வைத்திருப்பவர்கள் பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, சீட்டு நகரவில்லை என்று எனக்குக் கடிதம் போடுகிறார்கள்.

கவலைப்படுபவர், நாகர்கோவில்
கே: பேட்டரியைத் திரும்ப மாட்டியபின் ஏர்பேக் லைட் போய்விட்டது. ஆனால் சறுக்கும் கார் படம் போட்ட லைட் புதிதாக வந்திருக்கிறது!
ப: ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கார் மறந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுக்கத் திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டுங்கள். பல கார்களில் தானே அணைந்துவிடும், அடம்பிடித்தால் ஸ்கேனர். கடிகாரம் பன்னிரண்டு காட்டும், ஒரே தட்டில் ஏறும் கண்ணாடி பாதியில் நிற்கும். அதற்கெல்லாம் தனித்தனிக் கடிதம் வேண்டாம்.

தொழில்நுட்ப ரசிகர், கோவில்பட்டி
கே: எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சீட்டு வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தார். உடனே லைட் அணைந்தது. மேதைதானே?
ப: மேதைதான். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரியின் மின்தடை இரண்டு, மூன்று ஓம். கணினி அதை விடாமல் அளந்துகொண்டே இருக்கும். அதே அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் 'பை இருக்கிறது' என்று நம்பிவிடும். இடித்த அன்று கணினி 'விரி' என்று கட்டளையிடும், ரெசிஸ்டர் சூடாகும். கதை முடிந்தது, யாருடைய கதை என்று நான் சொல்லப்போவதில்லை.

கோளாறு சீட்டிலா வயரிலா என்று பிரித்துப் பார்க்க, தெரிந்தவர்கள் இதைச் சில நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். வைத்தவர் எடுக்காமல் போனால், அடுத்த முறை அந்த சீட்டில் அவரையே உட்காரவைத்து ஓட்டுங்கள்.

எளிய மனிதர், தேனி
கே: நான் அந்தச் சின்னத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.
ப: அப்படியே முன் கண்ணாடியிலும் ஒட்டிவிடுங்கள். எதிரே லாரி வருவதும் தெரியாது.

பாலிடெக்னிக் மாணவர், சேலம்
கே: மல்ட்டிமீட்டரை வைத்து ஏர்பேக்கின் ஓம்ஸை நேரடியாக அளந்தால் என்ன?
ப: அந்தத் திரி பற்றிக்கொள்ளச் சுமார் 1.2 ஆம்பியர் இரண்டு மில்லிவிநாடி போனால் போதும். 'என் மீட்டர் அவ்வளவு கொடுக்காதே' என்று வாதாடத் தயாராக இருப்பீர்கள், தெரியும். எந்தக் கம்பெனி புத்தகத்தைத் திறந்தாலும் 'அளக்காதே' என்றுதான் இருக்கிறது. எழுதியவர்களுக்கும் ஓம் விதி தெரியும்.

படிக்கிற பிள்ளை என்பதால் ஒன்று சொல்கிறேன். கப்ளரைக் கழற்றியதும் அதற்குள் இருக்கும் ஒரு குட்டித் தகடு இரண்டு பின்னையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடும். உங்கள் பாலியஸ்டர் சட்டையின் நிலைமின்சாரம்கூடப் பையை வெடிக்கவைக்கக் கூடாது என்பதற்கு. தீக்குச்சி முனையளவு தகடு. செய்தவனுக்கு ஒரு கும்பிடு.

சந்தேகப் பிராணி, விழுப்புரம்
கே: லைட் எரிந்தபடியே ஓட்டினால் ஏர்பேக் விரியுமா, விரியாதா?
ப: கார் பொறுத்து, கோளாறு பொறுத்து. சிலவற்றில் அந்த ஒரு பை மட்டும் ஓய்வெடுக்கும், சிலவற்றில் மொத்தக் குடும்பமும். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு சுவர் வேண்டும்.

புதுக் கார்காரர், திருப்பூர்
கே: நான் சீட்டை மாற்றவே இல்லை. கவர்தான் மாற்றினேன். எனக்கும் லைட் எரிகிறதே?
ப: கவரை இழுத்துத் தைக்க வசதியாக இருக்குமென்று சீட்டை வெளியே எடுக்கும் கடைகள் உண்டு. நீங்கள் எதிர்க்கடையில் காபி குடித்த நேரத்தில் அது நடந்திருக்கும். மேலே உள்ள மச்சான் கதையைப் படியுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் லைட்டில் தெரியாது. சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று ஒரு துணி லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பை அங்கேதான் பிளந்துகொண்டு வரும். பக்கத்தில் இடித்தால் அதற்குக் கிடைக்கும் நேரம், நீங்கள் ஒரு தரம் கண் சிமிட்டும் நேரத்தில் சின்னத் துண்டு. அந்த இடத்தில் கவர் சுலபமாகப் பிரியும் நூலில் தைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லை திறந்தே இருக்க வேண்டும். கெட்டி ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டு, 'பத்து வருஷத்துக்குப் பிரியாது சார்' என்பார் கடைக்காரர். பிரிய வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

பேரம் பேசத் தெரிந்தவர், குரோம்பேட்டை
கே: புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையில் என் காரின் டாப் மாடல் சீட்டு சல்லிசாகக் கிடைத்தது. என்னுடையது பேஸ் மாடல். மாட்டினால் பக்கவாட்டு ஏர்பேக்கும் வந்துவிடும்தானே?
ப: வரும், சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் காரில் அதற்கான வயர் இல்லை, கதவுப் பக்கம் மோதலை உணரும் சென்சார் இல்லை, கணினிக்கு அப்படி ஒரு உறுப்பினர் சேர்ந்ததே தெரியாது. தலைகீழாகச் செய்தால், அதாவது டாப் மாடல் காரில் பேஸ் மாடல் சீட்டைப் போட்டால், லைட் நிச்சயம். கணினி தேடும் பை அங்கே இருக்காது.

அது போகட்டும். அந்த சீட்டு எப்படிப் புதுப்பேட்டைக்கு வந்தது என்று யோசித்தீர்களா? நடந்து வரவில்லை. சாய்மான ஓரத்தில் கிழிசலோ மறுதையலோ இருந்தால், உள்ளே இருந்த பை ஏற்கெனவே கடமையைச் செய்துவிட்டது. ஏர்பேக்குக்கு இரண்டாவது இன்னிங்ஸ் கிடையாது.

வெள்ளம் பார்த்தவர், முடிச்சூர்
கே: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் காருக்குள் தண்ணீர். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைக் காயவைத்து, வாசனைத் திரவியம் அடித்துக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ஏர்பேக் லைட். இப்போது எதற்கு?
ப: 2015 வெள்ளத்துக்குப் பிறகும் உங்கள் பக்கத்திலிருந்து இதே கடிதம்தான். கார்பெட் வெயிலில் காய்ந்துவிடும், கப்ளருக்குள் போன தண்ணீர் காயாது. பின்னில் பச்சை பூக்கும், மின்தடை ஏறும், கணினி மணி அடிக்கும். இரண்டு ஓமுக்குக் காவல் இருப்பவனுக்குக் கொஞ்சம் பாசி ஏறினாலும் தெரிந்துவிடுமே.

இதில் இன்னொரு சங்கடம். பல கார்களில் ஏர்பேக் கணினியே தரையில்தான் இருக்கும், முன் சீட்டுகளுக்கு நடுவே கன்சோலுக்கு அடியில். காரின் நடுப்புள்ளியில் இருந்தால்தான் மோதலைச் சரியாக உணரும் என்று அங்கே வைத்தார்கள். வைத்தவர்கள் முடிச்சூர் பார்த்தவர்கள் அல்ல. அது நனைந்திருந்தால் சுத்தம் செய்யும் வேலை எல்லாம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பக்தர், பிள்ளையார்பட்டி
கே: சீட்டுக்கடியில் வயரை எலி கடித்திருக்கிறது. டேப் சுற்றினால் போதுமா?
ப: விநாயகரின் வாகனம் உங்கள் வாகனத்துக்குள் வந்திருக்கிறது. வரவேற்கலாம், ஆனால் ஏர்பேக் வயருக்கு டேப் கூடாது. முறுக்கி ஒட்டிய இடத்தில் மின்தடை கூடும், லைட் திரும்ப வரும். பல கம்பெனிகள் அந்த வயரை ஒட்டுப்போடவே அனுமதிப்பதில்லை, செட்டாக மாற்று என்கின்றன. பின் சீட்டில் சிந்திய முறுக்கையும் பெருக்குங்கள்.

இசை ரசிகர், கும்பகோணம்
கே: சீட்டு மாற்றிய மறுநாள் ஏர்பேக் லைட், கூடவே ஹாரனும் அடிக்கவில்லை. சீட்டுக்கும் ஹாரனுக்கும் என்ன உறவு?
ப: ஒரு உறவும் இல்லை. சீட்டு நிரபராதி. ஸ்டியரிங்குக்குள் சுருளாக ஒரு நாடா வயர் இருக்கிறது, 'கிளாக் ஸ்பிரிங்' என்பார்கள். ஸ்டியரிங் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் அதுதான் பாதை. அது அறுந்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் ஹாரன் இல்லாமல் ஒருநாள் முழுக்க ஓட்டினீர்கள் என்பதுதான் என்னால் நம்ப முடியாதது.

சந்தைக்குப் போய்வருபவர், ஒட்டன்சத்திரம்
கே: முன் சீட்டில் காய்கறிப் பையை வைத்தால் 'பெல்ட் போடு, பெல்ட் போடு' என்று கத்துகிறது. ஆள் இல்லையே!
ப: மெத்தைக்குள் இருக்கும் சென்சாருக்குப் பூசணிக்காய்க்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. பையைக் கீழே வையுங்கள், இல்லை பூசணிக்கும் பெல்ட் போடுங்கள்.

சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறதே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஐந்து ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு அந்தக் கிளிப் விளம்பரங்கள் 13,118-ஐ நீக்கவைத்தது. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் அந்தச் சத்தம் கட்டாயம். ஒரு பக்கம் அரசாங்கம் மணி கட்ட, இன்னொரு பக்கம் நாம் அதன் நாக்கை அறுக்க, நல்ல நாடு.

பின் சீட்டுப் பயணி, மதுரை
கே: காரைக் கழுவிக் கொண்டுவந்ததிலிருந்து பின் சீட்டு பெல்ட்டின் பக்கிளையே காணோம். திருடிவிட்டார்களா?
ப: பக்கிளை மட்டும் திருடும் அளவுக்கு யாருக்கும் பொறுமை இல்லை. மெத்தையைத் திரும்பப் போட்டபோது அடியில் அமுக்கிவிட்டார்கள். சாய்மானமும் மெத்தையும் சேரும் இடுக்கில் கையை விடுங்கள். பக்கிள் வரும், கூடவே ஒரு பேனா மூடி, பத்து ரூபாய்க் காசு, போன தீபாவளி ரசீது. பின்னால் பெல்ட் போடாவிட்டாலும் 1,000 ரூபாய் அபராதம், சட்டப்பிரிவு 194பி. 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தது பின் சீட்டில்தான், பெல்ட் இல்லாமல். கார் என்னவோ மெர்சிடிஸ்.

சிக்கனவாதி, கரூர்
கே: சீட்டை மாட்டி முடித்தபின் ஒரு போல்ட் மீதி இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.
ப: பத்திரம் என்பது போல்ட்டுக்கா, உங்களுக்கா? பெல்ட்டின் பக்கிள் பல கார்களில் சீட்டோடு சேர்ந்தது. மோதலில் உங்கள் மொத்தப் பாரமும் பெல்ட் வழியாக சீட்டுக்கு, சீட்டிலிருந்து அந்த நாலு போல்ட்டுக்கு. மூன்றே போதும் என்றால் கம்பெனிக்காரன் மூன்றுதான் வைத்திருப்பான், அவன் உங்களைவிடச் சிக்கனம். இறுக்கும்போது கைக்கணக்கு வேண்டாம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வேண்டும்.

மகன் வீட்டுக்குப் போனவர், நியூ ஜெர்சி
கே: மகன் முன் சீட்டை மாற்றினான். நான் உட்கார்ந்தாலும் 'பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்' என்றே எரிகிறது. எண்பது கிலோ ஆள் நான்!
ப: அமெரிக்கக் கார்களில் உட்கார்ந்தவர் பெரியவரா, சிறு குழந்தையா என்று சீட்டே எடைபோட்டு, குழந்தையென்றால் ஏர்பேக்கை அணைத்துவிடும். சீட்டு மாறியபின் ஆளில்லாமல் வைத்து அந்தத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஸ்கேனர் வேலை. அதுவரை பின்னால் உட்காருங்கள். ஒரு இயந்திரம் உங்களைக் குழந்தை என்கிறது, இதற்குப் போய்ப் புகார் எழுதுகிறீர்களே.

உலகம் சுற்றியவர், ஆம்பூர்
கே: வெளிநாட்டுக் கார்களிலும் இதே சின்னங்கள்தானா?
ப: ஐ.எஸ்.ஓ. 2575 என்று இதற்கு ஒரு உலகத் தரமே உண்டு. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கவனி, பச்சையும் நீலமும் சும்மா தகவல். ஆம்பூரில் எரிந்தாலும் ஆம்ஸ்டர்டாமில் எரிந்தாலும் அதே ஆள், அதே பந்து.

யூடியூப் பார்ப்பவர், அரக்கோணம்
கே: சாவியை வேகமாக மூன்று தரம் ஆன்–ஆஃப் செய்தால் லைட் போய்விடும் என்கிறார்களே?
ப: சில பழைய மாடல்களில் அப்படி ஒரு வழி உண்டு. உங்கள் காரில் போகும் என்று சொன்னவர் உங்கள் காரைப் பார்த்ததில்லை. லைக் போட்டுவிட்டுக் குனிந்து கப்ளரைப் பாருங்கள்.

வரலாற்று ஆர்வலர், தஞ்சாவூர்
கே: இவ்வளவு தொல்லைக்கும் காரணமான ஏர்பேக்கை யார் கண்டுபிடித்தது?
ப: ஜான் ஹெட்ரிக், அமெரிக்கர், கடற்படையில் டார்பிடோ பார்த்தவர். 1952-ல் குடும்பத்தோடு போகும்போது கார் பள்ளத்தில் இறங்கியது. பிரேக் போட்ட அதே கணத்தில் அவரும் மனைவியும் நடுவில் இருந்த மகள் மேல் கையை நீட்டித் தடுத்தார்கள். கைக்குப் பதில் ஏதாவது வந்து தடுத்தால் என்ன என்று வீட்டுக்குப் போய் வரைய ஆரம்பித்தார். 1953-ல் காப்புரிமை கிடைத்தது. பதினேழு வருடத்தில் அது காலாவதி. பொதுமக்கள் வாங்கும் காரில் ஏர்பேக் வந்தது 1973-ல்.

பை வீங்கியது, அவர் பர்ஸ் வீங்கவில்லை.

நம்பிக்கைவாதி, பொள்ளாச்சி
கே: சீட்டு மாற்றியதிலிருந்து எரிந்த லைட் நேற்றுத் தானாகவே அணைந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது அல்லவா?
ப: சீட்டை முழுக்க முன்னால் தள்ளி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் முழுக்கப் பின்னால். ஏதோ ஒரு இடத்தில் எரிந்தால், கப்ளர் அரைகுறையாக நிற்கிறது, இல்லை தண்டவாளத்தில் வயர் நசுங்குகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பேட்டரி நெகட்டிவ், டீ, குனிதல். எங்கே தள்ளினாலும் எரியவில்லையென்றால், ஆழியாறு ரோட்டின் முதல் வேகத்தடை வரை சந்தோஷமாக இருங்கள்.